கிணற்றடி மோட்டரும் மின்கணக்கும்

வெங்காயம் கிழங்கு பருக்கும் பருவத்தில் நீரிறைக்கும் மோட்டர் எரிந்துபோவதைப் போன்ற இடையூறு தோட்டக்காரருக்கு வேறில்லை. மோட்டரைக் கழற்றிப் பட்டினத்துக்கு எடுத்துச் சென்று, உள்ளிருக்கும் சுருளைப் புதிதாகச் சுற்றுவித்து, மீண்டும் கொண்டுவந்து பூட்டுவதற்கு நான்கைந்து நாட்கள் செல்லும். செம்மண் தோட்டத்தில் நிற்கும் பயிர் அத்துணை நாட்கள் பொறுத்திருக்க மாட்டாது. சுற்றுக் கூலியோடு, அயலவரின் இயந்திரத்துக்குக் கொடுக்கும் வாடகையும், குறைந்துபோகும் விளைச்சலும் சேர்ந்தே நட்டக் கணக்கில் ஏறுகின்றன.

வலிகாமப் பகுதியில் ஒரு கமக்காரர் ஒரே போகத்தில் இரு முறை மோட்டர் சுற்றுவித்தார். மூன்றாம் முறை அதிலிருந்து கருகல் மணம் வீசியபோது என்னை அழைத்துக் காட்டினார். "தம்பி, கடைக்காரர் பழைய மோட்டரைப் புதிதென்று சொல்லித் தந்துவிட்டார்" என்பதே அவருடைய முடிவாயிருந்தது. மோட்டரில் யாதொரு குற்றமும் இருக்கவில்லை. வீட்டிலிருந்து கிணறு வரை 120 மீற்றர் தூரத்துக்கு அவர் இழுத்திருந்த கம்பி மெல்லியது. அக்கம்பியே மோட்டரை எரித்தது. இதனை அவருக்கு ஒரு தாளில், பெருக்கலும் பிரித்தலும் கொண்ட எளிய கணக்கால் காட்டினேன். அக்கணக்கையே இப்பிரசுரத்தில் விளக்குகின்றோம். கடையில் சிட்டை எழுதத் தெரிந்த எவரும் இதனைச் செய்யலாம்.

நீரைக் கொண்டு மின்னை அறிதல்

குளத்தின் துருசைத் திறந்தால் வாய்க்காலில் நீர் ஓடுகின்றது. குளத்தில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும் அளவுக்கு நீர் விசையுடன் தள்ளப்படும். வாய்க்கால் அகலமாகவும் துப்புரவாகவும் இருப்பின் நீர் மிகுதியாக ஓடும். ஒடுங்கியும் புல்பூண்டு அடைத்தும் இருப்பின் குறைவாக ஓடும். மின்சாரத்திலும் இம்மூன்றும் உள. நீர்மட்ட உயரத்தை ஒத்தது அழுத்தம். அது வோல்ற்று என்னும் அளவாற் கூறப்படும். ஓடும் நீரின் அளவை ஒத்தது ஓட்டம். அதன் அளவு அம்பியர். வாய்க்காலின் தடங்கலை ஒத்தது தடை. அதன் அளவு ஓம். ஓம் என்பவர் ஜேர்மனி நாட்டிற் பாடசாலை ஆசிரியராயிருந்தவர். இம்மூன்றுக்கும் உள்ள தொடர்பை அவர் 1827 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அத்தொடர்பு பின்வருமாறு:

ஓட்டம் = அழுத்தம் ÷ தடை

இதனைத் திருப்பி எழுதினால், தடை = அழுத்தம் ÷ ஓட்டம்; அழுத்தம் = ஓட்டம் × தடை. மூன்றில் எவையேனும் இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கண்டுகொள்ளலாம்.

இந்த நீர் உவமையில் ஒரு குறை உண்டு. வாய்க்கால் நீர் வயலை அடைந்ததும் அதன் வேலை முடிந்தது. திரும்பிக் குளத்துக்குப் போவதில்லை. மின்னோட்டமோ சென்ற இடத்திலிருந்து மீண்டும் வந்தே தீரும். ஆதலாற்றான் கம்பி இரண்டாக இழுக்கின்றோம். கிணறு 120 மீற்றர் தூரத்தில் இருப்பின் மின்னோட்டம் செல்லும் வழி 240 மீற்றர். கணக்குப் போடும்போது பெரும்பாலார் மறந்துபோவது இதனையே.

இனி வலு என்பதை அறிதல் வேண்டும். ஒரு நொடியில் எவ்வளவு வேலை நடைபெறுகின்றது என்பதே வலு. அதன் அளவு வாற்று.

வலு = அழுத்தம் × ஓட்டம்

அழுத்தம் என்பது ஓட்டத்தையும் தடையையும் பெருக்க வருவது என மேலே கண்டோம். ஆகவே அழுத்தத்தின் இடத்தில் அதனை வைத்தால், வலு = ஓட்டம் × ஓட்டம் × தடை என்றாகும். கம்பி சூடாவது பற்றிய கணக்குகள் யாவும் இதனாற் செய்யப்படுவன. ஓட்டம் இங்கே இரு முறை பெருக்கப்படுவதைக் கவனிக்குக. ஓட்டம் இரு மடங்கானாற் கம்பியின் சூடு நான்கு மடங்காகும்.

ஓர் உதாரணம். கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க 100 வாற்றுப் பழைய முறைக் குமிழ் ஒன்றை ஏற்றுகின்றோம். நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் அழுத்தம் 230 வோல்ற்று. ஆகவே ஓட்டம் 100 ÷ 230, அதாவது ஏறக்குறைய 0.435 அம்பியர். குமிழின் தடை 230 ÷ 0.435, அதாவது ஏறக்குறைய 529 ஓம். ஆனாற் குமிழைக் கழற்றி, ஆறிய நிலையில் பல்மானியால் அளந்து பார்த்தால் 40 ஓம் அளவே காட்டும். மானி பழுதென்று எண்ண வேண்டாம். வெண்சூடு ஏறிய இழையின் தடை, ஆறிய இழையின் தடையிலும் பத்து மடங்குக்கு மேற்பட்டது. உலோகக் கம்பி சூடேறச் சூடேற அதன் தடையும் ஏறும்.

மின்பட்டியலில் வரும் அலகு என்பது 1000 வாற்று வலுவை ஒரு மணி நேரம் உபயோகித்தல். மேற்கூறிய குமிழ் 10 மணி நேரம் எரிந்தால் ஓர் அலகு.

மோட்டருக்கு இக்கணக்கு எவ்வாறு பொருந்தும்

விவசாயப் பாடசாலையில் மாணவனாயிருந்த காலத்தில் நான் ஒரு மோட்டரின் சுருளைப் பல்மானியால் அளந்தேன். 3 ஓம் என்று காட்டிற்று. உடனே 230 ஐ 3 ஆற் பிரித்து, இம்மோட்டர் 77 அம்பியர் எடுக்கும், இதற்குத் தனியாக ஒரு மின்தூண் நடவேண்டும் என்று ஆசிரியரிடம் கூறினேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அதே மோட்டர் ஓடும்போது எடுத்தது 5½ அம்பியரே.

பிழை எங்கே? குமிழிலும் கொதிகேத்தலிலும் மின்னோட்டத்தைத் தடுப்பது கம்பியின் தடை ஒன்றே. மோட்டரிற் சுருளின் காந்தமும், சுழலும் பாகமும் சேர்ந்து, வருகின்ற அழுத்தத்துக்கு எதிரான ஓர் அழுத்தத்தை உண்டாக்குகின்றன. மோட்டர் வேகமாகச் சுழலும் வரையும் இவ்வெதிரழுத்தம் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும். சுழற்சி நின்றால் அக்கட்டுப்பாட்டிற் பெரும்பகுதி போய்விடும். ஓட்டம் ஐந்தாறு மடங்காக ஏறும். பம்பியிற் கல் இறுகியோ, தாங்கி பிடித்தோ மோட்டர் சுழலாமல் இரைந்துகொண்டு நின்றாற் சில நிமிடங்களிற் சுருள் கருகுவதற்குக் காரணம் இதுவே. ஆதலின் மோட்டரின் சுருளை அளந்து ஓட்டத்தைக் கணிக்க முற்படாது, மோட்டரிற் பதித்துள்ள தகட்டிற் காட்டிய அம்பியரை எடுத்துக்கொள்க.

தகட்டில் 1 குதிரைவலு என்றிருப்பது மோட்டர் வெளியே கொடுக்கும் வலு, 746 வாற்று. அதனைக் கொடுப்பதற்கு மோட்டர் உள்வாங்குவது அதனிலும் கூடியது. ஒருகட்ட மின்னில் ஓடும் 1 குதிரைவலு மோட்டர் ஒன்று 230 வோல்ற்றில் 5.5 அம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். பெருக்கினால் 1265. மின்சார சபையின் மானியோ ஏறக்குறைய 1150 வாற்றே காட்டும். நமக்கு வரும் மின், நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலையும் மின். மோட்டரில் ஓட்டத்தின் அலை அழுத்தத்தின் அலைக்குச் சிறிது பிந்தி நிற்பதனால், பெருக்கி வந்த தொகை முழுவதும் வேலையாக மாறுவதில்லை. 1150 ஐ 1265 ஆற் பிரித்தால் வரும் 0.91 என்பதை வலுக்காரணி என்பர். ஆகவே மோட்டருக்கு, வலு = அழுத்தம் × ஓட்டம் × வலுக்காரணி. குமிழுக்கும் கேத்தலுக்கும் இக்காரணி 1 என்பதால் அதனை எழுதுவதில்லை. மூன்றுகட்ட மோட்டருக்கு, கட்டங்களுக்கிடையிலான 400 வோல்ற்றையும் ஒரு கம்பியின் ஓட்டத்தையும் வலுக்காரணியையும் பெருக்கி, மேலும் 1.73 ஆற் பெருக்குதல் வேண்டும்.

ஓர் ஆள் இடைவிடாது வேலை செய்யும்போது கொடுக்கும் வலு ஏறக்குறைய 75 வாற்று. துலாவில் ஏறி மிதித்தவர்களும் பட்டை பிடித்தவர்களும் அளித்த வலு அவ்வளவே. கையளவு தோன்றும் 1 குதிரைவலு மோட்டர் பத்துப் பேரின் வேலையைச் செய்கின்றது. மெல்லிய கம்பி ஒன்றினூடாக இப்பத்துப் பேரையும் கிணற்றடிக்கு அனுப்புகின்றோம் என்று எண்ணிப் பார்த்தாற் கம்பியின் கனம் பற்றிக் கவலை தானே பிறக்கும்.

அம்பியர் அளக்கும் மானி இல்லாதவர்களும் தம் மோட்டர் வாங்கும் வலுவை அறியலாம். வீட்டின் மின்மானியில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். ஓர் அலகுக்கு எத்தனை மின்னல் என்பது மானியின் முகப்பில் அச்சிடப்பட்டிருக்கும். 1600 என்று இருப்பதாகக் கொள்வோம். வீட்டில் மற்றைய யாவற்றையும் நிறுத்தி, மோட்டரை மட்டும் ஓட்டி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் நிகழும் மின்னல்களை எண்ணுக. 31 வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 1860. அதனை 1600 ஆற் பிரித்தால் 1.16. மோட்டரும் கம்பியும் சேர்ந்து 1160 வாற்று வாங்குகின்றன. பழைய தட்டு மானியாயின் தட்டுச் சுற்றுவதை அவ்வாறே எண்ணலாம். புது மோட்டர் பூட்டிய அன்றே இவ்வெண்ணைச் சுவரிற் குறித்து வைத்தல் நன்று. பின்னொரு நாளில் எண் வெகுவாக ஏறியிருப்பின் தாங்கி தேய்ந்தோ பம்பி இறுகியோ இருக்கின்றது என்று அறியலாம்.

கம்பியின் தடை

கம்பி நீளமானாற் தடை கூடும். தடித்தாற் தடை குறையும். 1000 மீற்றர் நீளமான செப்புக் கம்பியின் தடை வருமாறு:

1.5 சதுர மில்லிமீற்றர்: 12.1 ஓம்
2.5 சதுர மில்லிமீற்றர்: 7.4 ஓம்
4 சதுர மில்லிமீற்றர்: 4.6 ஓம்
6 சதுர மில்லிமீற்றர்: 3.1 ஓம்

கடைகளிற் கம்பியை 7/0.67, 7/0.85 என்று குறிப்பிடுவர். 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள 7 இழைகள் என்பது முன்னையதன் பொருள். விட்டத்தை விட்டத்தாற் பெருக்கி, 0.785 ஆற் பெருக்கி, இழைகளின் தொகையாற் பெருக்கினாற் பரப்பு வரும். 7/0.67 என்பது 2.5 சதுர மில்லிமீற்றர், 7/0.85 என்பது 4 சதுர மில்லிமீற்றர். கம்பியின் மேலுறை தடித்திருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. மின் செல்வது உள்ளிருக்கும் செம்பில். விலை மலிவென்று அலுமினியக் கம்பி வாங்குவோர், அதே கனத்துக்கு அதன் தடை செம்பினுடையதிலும் 1.6 மடங்கு என்பதைக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

வலிகாமத்துக் கமக்காரரின் கம்பிக்கு வருவோம். அவர் இழுத்திருந்தது 1.5 சதுர மில்லிமீற்றர். போகவும் வரவும் 240 மீற்றர். 12.1 ஐ 240 ஆற் பெருக்கி 1000 ஆற் பிரித்தால் 2.9 ஓம். மோட்டர் 5.5 அம்பியர் எடுக்கும்போது கம்பியில் இழக்கப்படும் அழுத்தம் 5.5 × 2.9, அதாவது 16 வோல்ற்று. கம்பியிற் சூடாக வீணாகும் வலு 5.5 × 5.5 × 2.9, அதாவது 88 வாற்று.

இவ்விழப்பால் மின்பட்டியல் ஏறும் என்று சிலர் அஞ்சுவர். நாளொன்றுக்கு 3 மணி நேரம் இறைத்தால் வீணாவது கால் அலகுக்குச் சற்று மேல். போகம் முழுவதற்கும் கணக்கிட்டாலும் அதற்காக மட்டும் கம்பியை மாற்றும்படி நான் கூறமாட்டேன். கேடு வேறிடத்தில் உள்ளது.

அவர் இறைத்தது மாலையில். ஊரெல்லாம் விளக்கேற்றி, சமையல் நடக்கும் நேரம். அந்நேரத்தில், மோட்டர் ஓடிக்கொண்டிருக்க, அவருடைய வீட்டு மானியடியில் இருந்த அழுத்தம் 205 வோல்ற்று. பம்பிக்கு வேண்டிய வேலை குறையவில்லை. நீர் அதே ஆழத்திலேயே கிடக்கின்றது. அழுத்தம் குறைந்தால் அதே வேலைக்கு ஓட்டம் கூடியே தீரும். கிணற்றடியில் மின்தொழிலாளர் அளந்தபோது 6.5 அம்பியர் ஓடிற்று. கம்பியில் இழந்தது 6.5 × 2.9, ஏறக்குறைய 19 வோல்ற்று. மோட்டரை அடைந்தது 186 வோல்ற்று மட்டுமே.

சுருளின் சூடு ஓட்டத்தை ஓட்டத்தாற் பெருக்கி வருவது என்று கண்டோம். 5.5 ஐ 5.5 ஆற் பெருக்கினால் 30¼, 6.5 ஐ 6.5 ஆற் பெருக்கினால் 42¼. 5.5 அம்பியருக்கென அமைத்த சுருளில் 100 க்கு 40 பங்கு மிகையான சூடு, மூன்று மணி நேரம், நாள்தோறும். சுருளின் மேற்பூச்சு எத்தனை நாட்கள் தாங்கும்?

தொடங்கும்போது நிலைமை இதனிலும் மோசம். நின்ற மோட்டர் 230 வோல்ற்றில் 30 அம்பியர் எடுப்பதாயின், அந்நொடியில் அது ஏறக்குறைய 7.7 ஓம் தடை போல நடந்துகொள்கின்றது. கம்பியின் 2.9 ஓமைச் சேர்த்தால் 10.6. மாலை 205 வோல்ற்றை 10.6 ஆற் பிரித்தால் 19.3 அம்பியர். அதனை 7.7 ஆற் பெருக்கினால் மோட்டருக்குக் கிடைப்பது 149 வோல்ற்று. இஃது உத்தேசக் கணக்கே. ஓட்டம் பிந்தும் அலையாதலால் உண்மைத் தொகை சற்று வேறுபடும். எனினும் போக்கு இதுவே. மோட்டரின் தொடக்கத் திருகுவிசை அழுத்தத்தை அழுத்தத்தாற் பெருக்கியதன் விகிதத்திற் குறையும். 149 ஐ 230 ஆற் பிரித்தால் 0.65, அதனை அதனாற் பெருக்கினால் 0.42. பாதிக்கும் குறைந்த விசையோடு மோட்டர் இரைந்து, தயங்கி, பின்னர் சுழன்றது. "ஆளியைப் போட்டதும் கொஞ்ச நேரம் முனகிவிட்டுத்தான் ஓடும்" என்று அவரே முன்னர் கூறியிருந்தார். அம்முனகலை அவர் மோட்டரின் இயல்பென்று எண்ணினார்.

எத்துணைக் கனமான கம்பி வாங்குவது என்பதை வாங்குமுன்னரே கணக்கிடலாம். கம்பியில் இழக்கும் அழுத்தம் 100 க்கு 5 பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று. 230 இல் அது 11.5 வோல்ற்று. அதனை 5.5 அம்பியராற் பிரித்தால் 2.09 ஓம், இதுவே இருவழிக் கம்பிக்கும் அனுமதிக்கத்தக்க தடை. 240 மீற்றருக்கு 2.09 ஓம் என்றால் 1000 மீற்றருக்கு 8.7 ஓம். மேலே உள்ள பட்டியலைப் பார்க்குக. 1.5 தகாது, 2.5 தகும். ஆயினும் மாலையில் அழுத்தம் விழும் இடங்களில் ஒரு படி மேற்சென்று 4 சதுர மில்லிமீற்றர் இழுக்கவே நான் ஆலோசனை கூறுவேன். கம்பி ஒரு முறை வாங்குவது. மோட்டர் சுற்றும் கூலி போகந்தோறும் வருவது.

அவர் 4 சதுர மில்லிமீற்றர்க் கம்பி இழுத்தார். தடை 1.1 ஓமாகக் குறைந்தது. மாலையில் மோட்டருக்கு 198 வோல்ற்றுக் கிடைத்தது, ஓட்டம் 6.1 அம்பியராக இறங்கிற்று. அதுவும் தகட்டில் உள்ளதிலும் கூடுதலே. ஆகவே இறைப்பை விடியற்காலைக்கு மாற்றினார். அந்நேரத்தில் வீட்டடியில் 230 வோல்ற்று நிற்கின்றது. விடியலில் இறைத்தால் வெயிலில் ஆவியாகிப் போகும் நீரும் குறையும். மாலை அழுத்தம் நாள்தோறும் இவ்வாறு விழுமாயின் அதனை மின்சார சபைக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். வீட்டுக் கம்பியை எவ்வளவு தடிப்பித்தாலும் தெருக் கம்பியின் குறையை நீக்க முடியாது.

சூரிய ஒளியில் ஓடும் பம்பி பூட்டுவோருக்கு இவ்விடத்தில் ஒரு சொல். 48 வோல்ற்றில் 750 வாற்று வேண்டுமாயின் ஓட்டம் 15.6 அம்பியர், 230 வோல்ற்றிலாயின் 3.3 அம்பியரே போதும். ஒரே கம்பியில் முன்னையதன் இழப்பு பின்னையதிலும் ஏறக்குறைய 23 மடங்கு. ஆதலாற் குறைந்த அழுத்தப் பம்பிக்குச் சூரியத் தகட்டைக் கிணற்றின் அருகே நாட்டுவதே முறை.

முறுக்கிய இணைப்பும் கிடுகுக் கொட்டிலும்

இரு கம்பித் துண்டுகளைக் கையால் முறுக்கி, மேலே பட்டி சுற்றிவிடும் வழக்கம் எங்கும் உண்டு. மழையும் உரத்தூளும் பட்டு அவ்விணைப்புப் பச்சை பிடிக்கும். அங்கே 2 ஓம் தடை உண்டாயிற்று என்று கொள்வோம். 5.5 × 5.5 × 2, ஏறக்குறைய 60 வாற்று. 240 மீற்றர்க் கம்பியில் 88 வாற்றுப் பரவினால் தொட்டாலும் தெரியாது. ஒரு விரல் நீளத்தில் 60 வாற்றுத் தங்கினால் அஃது ஈயம் ஒட்டும் சூட்டுக்கோலுக்கு ஒப்பாகும். அவ்விணைப்புக் கிடுகால் வேய்ந்த பம்பிக் கொட்டிலின் கூரைக்குள் செருகப்பட்டிருப்பதைப் பல தோட்டங்களிற் கண்டிருக்கின்றேன். கிடுகு தீப்பற்றுவதற்கு வேறொன்றும் வேண்டியதில்லை. இத்தகைய இணைப்பில் உருகி எரிந்து மின்னைத் துண்டிக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. ஏனெனில் ஓட்டம் கூடவில்லை, ஓரிடத்தில் மட்டும் சூடு கூடியிருக்கின்றது. துண்டில்லாத ஒரே நீளக் கம்பியை வாங்குக. இயலாதாயின் திருகாணியால் இறுக்கும் இணைப்பிகளை மூடிய பெட்டியில் வைத்துப் பூட்டுவிக்குக. மிகுதிக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் கொட்டிலில் தொங்கவிடுதலும் தகாது. நெருங்கிய சுற்றுகளிற் சூடு வெளியேற வழியில்லை.

உடலின் தடை

மேற்கூறிய கணக்கு மனித உடலுக்கும் பொருந்தும். உலர்ந்த கையின் தடை பல்லாயிரம் ஓம் வரை இருக்கும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் வாய்க்காலில் நிற்பவரின் உடல் ஏறக்குறைய 1000 ஓம். 230 ÷ 1000, அதாவது 0.23 அம்பியர். ஒரு சிறிய 7 வாற்று விளக்குக்குச் செல்லும் 0.03 அம்பியர் நெஞ்சினூடாகச் சென்றாலே உயிருக்கு ஆபத்துத் தொடங்கும். 0.23 அம்பியர் அதனிலும் ஏழு மடங்குக்கு மேல்.

"உருகி இருக்கின்றதே" என்பது வழக்கமான மறுமொழி. 10 அம்பியர் உருகி 0.23 அம்பியரை உணர மாட்டாது. அது கம்பியைக் காப்பதற்கு வைத்தது, ஆளைக் காப்பதற்கன்று.

புவிக்கம்பி பூட்டியிருந்தாலும் கணக்கிட்டே நம்புதல் வேண்டும். மோட்டரின் உட்சுருள் பழுதடைந்து அதன் இரும்புடலில் மின் ஏறிற்று என்று கொள்வோம். நிலத்தில் அடித்த புவிக்கோலின் தடை, ஈர நிலத்திற் குறைந்தும் வரண்ட நிலத்திற் கூடியும் இருக்கும். அது 50 ஓமாயின் 230 ÷ 50, அதாவது 4.6 அம்பியர் நிலத்துக்குள் ஓடும். 10 அம்பியர் உருகி அப்போதும் எரியாது. மோட்டரின் உடல் மின்னேறியவாறே நிற்கும். அதனைத் தொட வருபவர் பெரும்பாலும் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறும் பிள்ளைகளில் ஒருவராயிருப்பார்.

இக்குறையை நீக்குவது 0.03 அம்பியரில் விழும் ட்ரிப் சுவிச். போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் சமமா என்று அது ஓயாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். ஆளினூடாகவோ புவிக்கோலினூடாகவோ சிறிது ஓட்டம் வேறு வழியிற் கழிந்தாலும், நொடியின் சிறு பகுதியில் மின்னைத் துண்டிக்கும். மேற்காட்டிய 4.6 அம்பியர் அதற்கு 150 மடங்குக்கு மேற்பட்ட அறிவித்தல். அதன் முகப்பிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துக. விழாவிட்டால் அன்றே மாற்றுக. மழை நாட்களில் அடிக்கடி விழுகின்றதென்று அதனைத் தவிர்த்துக் கம்பியை நேரே பூட்டுவோர் உளர். அது விழுவதன் காரணம் எங்கோ மின் கசிகின்றது என்பதே. கசியும் இடத்தைத் தேடாது காவலாளியை நீக்குதல் நெல்லைக் காக்க நிற்கும் நாயைக் கட்டிப்போடுவதற்கு ஒப்பாகும்.

காட்டுப்பன்றிக்கென வேலிக் கம்பியில் வீட்டு மின்னைக் கொடுப்பதும் இக்கணக்கிலேயே அடங்கும். ஈர வரம்பில் நடந்து வரும் ஆளுக்கும் யானைக்கும் பன்றிக்கும் அக்கம்பி வேறுபாடு காட்டாது. இவ்வகையில் ஆட்களும் யானைகளும் மாண்டிருக்கின்றனர். அது சட்டப்படி குற்றமுமாகும். முறையான யானைவேலியின் கருவி ஆயிரக்கணக்கான வோல்ற்றுக் கொடுத்தாலும், ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை, மிகமிகச் சிறிய நேரத்துக்கே கொடுக்கின்றது. இடையில் பிடியை விட்டு விலக அவகாசம் உண்டு. வீட்டு மின்னில் அவ்விடைவெளி இல்லை. தசை இறுகிப் பிடித்தவர் பிடித்தவாறே நிற்பார்.

மின் ஓடும் கம்பியில் அழுத்தமும் ஓட்டமும் அளக்கும் வேலையைப் பயிற்சி பெற்ற மின்தொழிலாளரைக் கொண்டு செய்விக்குக. கமக்காரர் செய்ய வேண்டியது அவர் கூறும் எண்களைக் குறித்துக்கொண்டு கணக்குப் பார்ப்பதே.

பயிற்சிக்கு ஒரு கணக்கு

வீட்டிலிருந்து 80 மீற்றர் தூரத்திலுள்ள கிணற்றில் 1½ குதிரைவலு மோட்டர் பூட்டப்பட்டிருக்கின்றது. அது எடுக்கும் ஓட்டம் 8 அம்பியர். கம்பி 7/0.67. வீட்டடியில் அழுத்தம் 230 வோல்ற்று. கம்பியின் தடை, இழக்கும் அழுத்தம், வீணாகும் வலு ஆகியன எவை? இக்கம்பி தகுமா?

விடை: இருவழி நீளம் 160 மீற்றர், தடை 1.18 ஓம், இழக்கும் அழுத்தம் 9.5 வோல்ற்று, வீணாகும் வலு 76 வாற்று. இழப்பு 11.5 வோல்ற்றுக்கு உட்பட்டதால் கம்பி தகும். மாலையில் இறைப்பவராயின் 7/0.85 இழுத்தல் நன்று.